குழாயிலிருந்து பெட்டிக்கு: சுமந்து சென்ற ஒலியின் கதை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா மகன் போன் பண்ணினான். "மாமா, புதன்கிழமை அம்மா நகைய பேங்க்ல வைக்கப் போறோம். அதுக்கு முன்னாடி நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்" என்றான். விஷயம் இதுதான். இரண்டு வருஷமாக இன்னொருவரிடம் கூலிக்கு டிஜே போட்டுக்கொண்டிருந்தவன், சொந்தமாக செட் வாங்கப் போகிறான். கடையில் கொட்டேஷன் வாங்கிவிட்டான். இரட்டை 18 அங்குல சப் வூஃபர் நான்கு, அதற்கு மேல் வைக்கும் டாப் நான்கு, ஆம்ப்ளிஃபயர் ரேக், மிக்ஸர், வயர். மொத்தம் ஆறு லட்சத்துக்கு மேல். அக்காவிடம் இருக்கும் நகை முழுவதும் போனால்தான் அந்தத் தொகை வரும்.

"நீங்கதான் பழசையெல்லாம் தோண்டித் தோண்டி எழுதுறீங்களே மாமா. இது சரியா தப்பான்னு சொல்லுங்க."

எனக்கு ஸ்பீக்கர் விற்கவும் தெரியாது, வாங்கவும் தெரியாது. ஆனால் எங்கள் குடும்பத்தில் ஒலி பெருக்கிப் பிழைத்தவர் ஏற்கெனவே ஒருவர் உண்டு, என் சித்தப்பா. அதனால் பத்து நாள் அவகாசம் கேட்டேன். "பேங்க்ல தங்க விலை ஏறட்டும், அவசரப்படாத மாப்ள" என்று ஒரு பொய்யான காரணத்தையும் சொல்லிவைத்தேன். அந்தப் பத்து நாளில் படித்ததும் கேட்டதும் கணக்குப் போட்டதும்தான் இந்தக் கட்டுரை.

சைக்கிளில் வந்த ரேடியோ செட்

எங்கள் பக்கத்தில், கோவில்பட்டியைச் சுற்றி, 'மைக் செட்' என்பதைவிட 'ரேடியோ செட்' என்று சொல்பவர்களே அதிகம். அதில் ரேடியோ எதுவும் கிடையாது, ஆனாலும் பெயர் அதுதான். சித்தப்பா 1968இல் தொழில் தொடங்கியபோது அவரிடம் இருந்தவை: ஒரு ஆம்ப்ளிஃபயர், இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஒரு ரெக்கார்டு பிளேயர், தகரப் பெட்டி நிறைய இசைத்தட்டு, கார் பேட்டரி ஒன்று, ஒரு மைக், சுற்றி வைத்த வயர். அத்தனையும் ஒரே சைக்கிளில் ஏறும். கேரியரில் ஆம்ப்ளிஃபயர், பாரில் ரெக்கார்டுப் பெட்டி, ஹேண்டில்பாரின் இரு பக்கமும் குழாய்கள். பேட்டரியை மட்டும் கூடப் போகும் பையன் தலையில் வைத்துக்கொள்வான். சில கல்யாணங்களுக்கு அந்தப் பையன் நான்.

மின்சாரம் வராத ஊர்களுக்கு அந்த 12 வோல்ட் பேட்டரிதான் உயிர். ஆம்ப்ளிஃபயர் முப்பது வாட்ஸ். இன்றைக்கு ஒரு கையடக்க புளூடூத் ஸ்பீக்கர் பெட்டியில் அதே எண்ணைப் போட்டு விற்கிறார்கள். அந்த முப்பது வாட்ஸை வைத்துக்கொண்டு வேப்பமர உச்சியில் குழாயைக் கட்டினால், விடிகாலையில் இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊருக்குக் கேட்கும். விடிகாலையில் அவ்வளவு தூரம் கேட்பதற்குக் காரணமும் இருக்கிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேலே உள்ள காற்று சற்று வெதுவெதுப்பாகவும் இருக்கும் நேரத்தில், மேலே போகும் ஒலி வளைந்து மறுபடி தரைக்கு இறங்கும். சித்தப்பாவுக்கு இந்த இயற்பியல் தெரியாது. ஆனால் "நாலு மணிக்குப் போட்டாத்தான் நாலு ஊருக்குக் கேக்கும்" என்பது தெரியும்.

முப்பது வாட்ஸ் அவ்வளவு தூரம் போனது எப்படி? அதே குழாயில் நாட்டுப்புற மேளத்தின் அடி மட்டும் ஏன் தகரத்தைத் தட்டுவது போலவே கேட்டது? இந்த இரண்டு கேள்விக்கும் விடை ஒன்றுதான். அது குழாயின் பிறப்பிலேயே இருக்கிறது.

குழாய் எதற்காகப் பிறந்தது

டென்மார்க்கில் பிறந்த பீட்டர் ஜென்சனும் எட்வின் பிரிதம் என்ற அமெரிக்கரும் கலிபோர்னியாவில் நாபா என்ற ஊரில் செய்த ஆராய்ச்சியிலிருந்து வந்தது மேக்னவாக்ஸ் ஒலிபெருக்கி. 1915 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் சான் பிரான்சிஸ்கோ நகர மன்றக் கட்டடத்திலிருந்து பெரும் கூட்டத்துக்குப் பாட்டும் பேச்சும் ஒலிபரப்பினார்கள். 1919 செப்டம்பரில் அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சன் சான் டியேகோ மைதானத்தில் ஐம்பதாயிரம் பேர் முன் பேசியதும் இந்தக் கருவி மூலம்தான். அதுவரைக்கும் ஒரு மனிதனின் குரல் எட்டுகிற தூரம்தான் கூட்டத்தின் எல்லை. அந்த எல்லை அன்றைக்கு உடைந்தது.

கவனிக்க வேண்டியது, அவர்கள் பெருக்க நினைத்தது பேச்சை. அந்தக் காலத்து வால்வு ஆம்ப்ளிஃபயர்களிலிருந்து கிடைத்த சக்தி மிகக் கொஞ்சம். கொஞ்ச சக்தியை நிறைய ஒலியாக மாற்ற வேண்டுமென்றால் கூம்புதான் வழி. சாதாரணமாகக் காகிதக் கூம்பு அதிர்ந்து காற்றைத் தள்ளும் ஸ்பீக்கர், உள்ளே போகும் மின்சக்தியில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் ஒலியாக்கும். மிச்சமெல்லாம் சூடாகப் போய்விடும். நல்ல குழாயும் அதன் பின்னால் திருகிய 'யூனிட்'டும் சேர்ந்தால் அது பத்து மடங்குக்கும் மேலாகும். சித்தப்பாவின் முப்பது வாட்ஸ் ஊரைத் தாண்டியது இதனால்தான்.

ஆனால் குழாய்க்கு ஒரு நிபந்தனை உண்டு. அதன் வாயின் சுற்றளவு, அது எழுப்ப வேண்டிய ஒலியின் அலைநீளத்துக்குக் கிட்டத்தட்ட சமமாக இருக்க வேண்டும். அதற்குக் கீழான ஒலி குழாயை விட்டு ஒழுங்காக வெளியேறாது. கணக்கு எளிது. ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 345 மீட்டர். சித்தப்பாவின் குழாய் வாயின் குறுக்களவு 40 சென்டிமீட்டர் என்று வைத்தால் சுற்றளவு 1.25 மீட்டர். 345ஐ 1.25ஆல் வகுத்தால் 276. ஆக, சுமார் 280 ஹெர்ட்ஸுக்குக் கீழே அந்தக் குழாய் கைவிட்டுவிடும். மனிதப் பேச்சு புரிவதற்கு 300இலிருந்து 3400 ஹெர்ட்ஸ் போதும் என்பதுதான் பழைய தொலைபேசியின் கணக்கு. குழாய் அந்த அளவுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

மேளத்தின் அடி வேண்டுமென்றால்? 50 ஹெர்ட்ஸின் அலைநீளம் ஏழு மீட்டர். ஏழு மீட்டர் சுற்றளவுள்ள வாய் என்றால் குறுக்களவு 2.2 மீட்டர். சைக்கிளில் இல்லை, மாட்டு வண்டியில்கூட அது ஏறாது.

நம் ஊர் மேடையின் வரலாற்றையும் இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்கலாம். 1930களில் காங்கிரஸ் மாநாடுகளுக்கு பம்பாயின் ஷிகாகோ ரேடியோ நிறுவனம் ஒலிபெருக்கி வைத்தது. 1940இல் டெல்லியில் அஹுஜா தொடங்கி, பிறகு நாடு முழுக்க மைக் செட்காரர்களின் கையில் இருக்கும் பெயரானது. மேடைப் பேச்சை மையமாக வைத்து வளர்ந்த தமிழ்நாட்டு அரசியலுக்கும், டி.எம்.எஸ்., சீர்காழி கோவிந்தராஜன், எல்.ஆர். ஈஸ்வரி குரல்களுக்கும், சிவாஜியின் வசன ரெக்கார்டுகளுக்கும் குழாய் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. குரல் பளிச்சென்று வரும். தவிலும் பறையும் மட்டும் மெலிந்துபோகும். குழாய் குரலுக்காகப் பிறந்த கருவி, அதைக் குறை சொல்லிப் பயனில்லை.

நகராதவனுக்குக் கிடைத்த பாஸ்

அப்படியானால் தாழ்ந்த ஒலியை, இப்போது பையன்கள் 'பாஸ்' என்று சொல்வதை, முதலில் அனுபவித்தவர்கள் யார்? சினிமா தியேட்டர்காரர்கள். ஏனென்றால் அவர்கள் எதையும் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை.

பேசும் படம் வந்த புதிதில் தியேட்டர் ஒலியும் அரைகுறைதான். 1930களின் நடுவில் எம்ஜிஎம் ஸ்டூடியோவின் ஒலித்துறைத் தலைவர் டக்ளஸ் ஷியரரும் ஜான் ஹில்லியர்டும் உருவாக்கிய அமைப்பில் தாழ்ந்த ஒலிக்குத் தனிப் பெட்டி, உயர்ந்த ஒலிக்குத் தனிக் குழாய் என்று பிரித்தார்கள். திரைக்குப் பின்னால் ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும் மரக் கூண்டு. 1945 வாக்கில் ஆல்டெக் நிறுவனம் 'தியேட்டரின் குரல்' என்ற பொருள்படும் பெயரில் விற்ற பெட்டிகளும் அதே வம்சம். 1974இல் வந்த 'எர்த்குவேக்' படத்துக்கு சென்சரவுண்ட் என்று ஒரு ஏற்பாடு செய்து, பூகம்பக் காட்சியில் நாற்காலி அதிரும்படி பெரிய பெட்டிகளை வைத்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு பழைய தியேட்டரில் கூரைப் பூச்சு உதிர்ந்து தலையில் விழாமல் இருக்க வலை கட்ட வேண்டியிருந்தது.

ஆக, 1970கள் வரை நிலைமை இப்படி: ஒரே இடத்தில் நிற்கும் ஒலிக்கு பாஸ் உண்டு; ஊர் ஊராகப் போகும் ஒலிக்கு இல்லை. இந்த விதியை மீறிய ஓர் ஊர் மட்டும் உண்டு.

கிங்ஸ்டன்

ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில் 1940களின் கடைசியில் ரேடியோவோ ரெக்கார்டு பிளேயரோ வாங்க வழியில்லாத மக்கள், சனிக்கிழமை இரவு திறந்த வெளியில் கூடி ஆடினார்கள். பாட்டுக் கச்சேரி குழுவுக்குக் கூலி கொடுப்பதைவிட ரெக்கார்டு போடுவது மலிவு. டாம் வாங் என்ற சீன வம்சாவளிக் கடைக்காரர் 'டாம் த கிரேட் செபாஸ்டியன்' என்ற பெயரில் செட் நடத்தினார். அவருக்கு ஆம்ப்ளிஃபயர் கட்டிக் கொடுத்தவர் ஹெட்லி ஜோன்ஸ். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையில் ரேடார் வேலை கற்றுக்கொண்டு ஊர் திரும்பியவர். போரில் கற்ற மின்னணு அறிவு கல்யாணப் பந்தலுக்கு வந்து சேர்வது எல்லா ஊரிலும் நடந்த கதைதான் போலிருக்கிறது.

அங்கே தச்சர்கள் அலமாரி அளவுக்குப் பெட்டி செய்தார்கள். அவற்றுக்கு 'ஹவுஸ் ஆஃப் ஜாய்', ஆனந்த வீடு, என்று பேர். பாஸ் நெஞ்சில் அடிக்க வேண்டும் என்பதே போட்டி. இந்தப் பெட்டிகள் லாரியில் ஏறி இறங்கின. தூக்குகிற ஆட்களுக்கு 'பாக்ஸ் மேன்' என்று தனிப் பெயரே உண்டு. நம் ஊரில் குழாயை எண்ணி மதிப்புப் போட்டது போல அங்கே பெட்டியை எண்ணினார்கள். கிங்ஸ்டனில் பிறந்த கிளைவ் காம்ப்பெல் என்ற பையன் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்து, டிஜே கூல் ஹெர்க் என்ற பெயரில் 1973 ஆகஸ்ட் 11 அன்று பிராங்ஸ் பகுதியில் தங்கையின் விருந்துக்கு ரெக்கார்டு போட்டதைத்தான் ஹிப் ஹாப் இசையின் பிறந்தநாள் என்கிறார்கள். இன்றைக்கு என் மருமகன் செய்யும் தொழிலின் ஒரு வேர் அங்கே இருக்கிறது. அவனுக்கு அது தெரியாது.

இதில் நான் குறித்துக்கொண்டது ஒன்று: கிங்ஸ்டனில் பாஸ் சாத்தியமானது ஏதோ புதிய கண்டுபிடிப்பால் அல்ல. தூக்க ஆள் இருந்ததால், லாரி இருந்ததால், ஒரே நகரத்துக்குள் சுற்றியதால்.

மூன்றில் இரண்டுதான்

பெட்டியின் அறிவியல் மெதுவாகத்தான் வளர்ந்தது. காகிதக் கூம்பும் சுருளும் கொண்ட ஸ்பீக்கரை இன்றைய வடிவில் 1925இல் முன்வைத்தவர்கள் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும். 1954இல் எட்கர் வில்ச்சர், காற்றுப் புகாத சின்னப் பெட்டியிலிருந்தே ஆழமான பாஸ் எடுக்கலாம் என்று காட்டினார். ஆனால் அது சக்தியைக் குடித்தது. அதே வட்டாரத்தில் வேலை செய்த ஜோசஃப் ஆன்டன் ஹாஃப்மன் பெயரால் ஒரு விதி வழங்குகிறது, 'ஹாஃப்மன் இரும்பு விதி' என்று. சின்னப் பெட்டி, ஆழமான பாஸ், குறைந்த சக்தியில் அதிக சத்தம் இந்த மூன்றில் எந்த இரண்டை வேண்டுமானாலும் கேள், மூன்றையும் கேட்காதே.

1961இல் ஆஸ்திரேலியாவின் நெவில் தீல், துளை வைத்த பெட்டிகள் எப்படி வேலை செய்கின்றன என்று கணக்காக எழுதினார். 1970களில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரிவாக்கினார். இன்று ஸ்பீக்கர் வாங்கும்போது கூடவே வரும் தாளில் இருக்கும் எண்களுக்கு 'தீல்-ஸ்மால்' என்றுதான் பெயர். அதுவரை தச்சரின் கைப்பழக்கமாக இருந்த பெட்டி அதன்பிறகு கணக்கானது. ஆனால் கணக்கும் ஹாஃப்மன் விதியைத் தாண்டவில்லை. ஒரு ஸ்வரம் அதே சத்தத்தில் ஒரு ஸ்தாயி கீழே போக வேண்டுமானால் ஸ்பீக்கர் நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். அதனால்தான் 12 அங்குலம், 15, 18 என்று தாம்பாளம் பெரிதாகிக்கொண்டே போனது.

நம்ம ஊரில் குழாய் இறங்கியது

எங்கள் பக்கம் மாற்றம் வந்தது 1980களில். கேசட் வந்தது, மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை ஊசியை மாற்ற உட்கார்ந்திருக்கும் வேலை போனது. பாட்டும் மாறியது. சினிமாப் பாட்டில் பாஸ் கிடாரும் டிரம்ஸும் முன்னுக்கு வந்தபோது குழாயில் பாதிப் பாட்டுதான் கேட்டது. "இளையராஜா வந்த பொறவு குழாய்க்கு மவுசு போச்சு" என்று சித்தப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார். வீடுகளில் பிஎம்பிஓ என்ற மூன்று நான்கு இலக்க வாட்ஸ் கணக்கோடு டெக் வந்தது. அந்த எண்ணுக்கும் உண்மைக்கும் சம்பந்தமில்லை என்பதும் ஜனங்களுக்குப் பிறகு தெரிந்தது.

அடுத்தது சட்டம். 2000இல் மத்திய அரசு கொண்டுவந்த ஒலி மாசு விதிகள், இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்றன. 2005இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தமிழ்நாட்டில் திருவிழா அனுமதிக் கடிதங்களில் 'கூம்பு வடிவ ஒலிபெருக்கி கூடாது, பெட்டி வடிவ ஒலிபெருக்கி மட்டும்' என்ற வரி நிரந்தரமானது. நான்கு மணிக்குக் குழாய் போடும் கல்யாணம் அதோடு முடிந்தது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சட்டம் சத்தத்தை அளப்பது டெசிபெல்-ஏ என்ற அளவில். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45. அந்த 'ஏ' என்பது, தாழ்ந்த ஒலி மனிதக் காதுக்கு மந்தமாகக் கேட்கும் என்று 1933இல் ஃப்ளெட்சரும் மன்சனும் வெளியிட்ட ஆய்வின் வழியில் வந்த ஒரு தள்ளுபடி. 50 ஹெர்ட்ஸில் அந்தத் தள்ளுபடி 30 டெசிபெல். அதாவது குழாயின் கீச்சுக் குரலை மீட்டர் முழுதாகப் பிடிக்கும். சப் வூஃபரின் அடியை முக்கால்வாசி விட்டுவிடும். ஆனால் பக்கத்து வீட்டுச் சுவர், ஜன்னல், தொட்டிலில் படுத்திருக்கும் பிள்ளை எதற்கும் அந்தத் தள்ளுபடி கிடையாது. குழாயைத் தடுத்த விதி பெட்டியின் பாதையை லேசாக்கிவிட்டது.

மூன்றாவது, வண்டி. 2005இல் டாடா ஏஸ் வந்தது. சின்ன யானை என்று பேர் எடுத்த அந்த வண்டிதான் இன்றைக்கு நம்ம ஊர் சவுண்ட் சர்வீஸின் அளவுகோல். சித்தப்பாவுக்கு சைக்கிள் கேரியர் எவ்வளவோ, இவர்களுக்கு ஏஸின் பின்புறம் அவ்வளவு.

எடை குறைந்த கதை

கடைசி மாற்றம் எடையில். 1980களில் வந்த நியோடிமியம் காந்தம், பழைய ஃபெரைட் காந்தத்தில் ஒரு சிறு பங்கு எடையிலேயே அதே வேலையைச் செய்தது. அடுத்து கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயர். பழைய வகை ஆம்ப்ளிஃபயர் எடுக்கும் மின்சாரத்தில் பாதி சூடாகும். இது பத்தில் ஒன்பது பங்கை ஸ்பீக்கருக்கே அனுப்பும். அதனால் கனமான டிரான்ஸ்ஃபார்மரும் அலுமினியத் தகடும் தேவையில்லாமல் போயின. 1990களின் நடுவில் ஜேபிஎல் 'இயான்' வரிசையில் பிளாஸ்டிக் கூட்டுக்குள்ளேயே ஆம்ப்ளிஃபயரை வைத்து விற்றது. பிறகு மற்ற கம்பெனிகளும் அதே வழியில் போயின. இன்று 12 அங்குல டாப் ஒன்றை ஒரு ஆள் ஒரு கையில் தூக்கி ஸ்டாண்டில் வைக்கலாம்.

ஆனால் சப் வூஃபரின் எடை அந்த அளவுக்குக் குறையவில்லை, காரணம் அதே இரும்பு விதி. காந்தம் இளைக்கலாம், ஆம்ப்ளிஃபயர் இளைக்கலாம்; ஆழமான பாஸுக்கு வேண்டிய காற்றின் கொள்ளளவு இளைக்காது. ஒற்றை 18 அங்குலப் பெட்டி நாற்பது ஐம்பது கிலோ. இரட்டை 18 என்றால் எண்பதிலிருந்து நூறு கிலோ. நாலு பேர் இல்லாமல் மாடி மண்டபத்துக்கு ஏறாது.

இனி கணக்கு

இவ்வளவையும் தோண்டிய பிறகு மருமகனிடம் அவனுடைய ஆர்டர் நோட்டைக் கேட்டேன். பதினெட்டு மாதத்தில் அவன் போட்ட நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை கல்யாண வரவேற்பு, காதுகுத்து, பூப்புனித நீராட்டு, இரண்டு கல்லூரி விழா. இருநூறிலிருந்து நானூறு பேர். கோயில் கொடையும் ஊர்வலமும் வருஷத்துக்கு ஐந்தாறு. கூட வரும் பையன்கள் இரண்டு பேர். இந்த நோட்டுக்கு எது பொருந்தும் என்பதுதான் கேள்வி. அவனுக்கு எழுதிக் கொடுத்தது இது.

வாட்ஸைப் பார்க்காதே. வாட்ஸ் இரண்டு மடங்கானால் கிடைப்பது மூன்று டெசிபெல், காதுக்குக் கொஞ்சம்தான் தெரியும். ஒரு வாட்ஸ் கொடுத்து ஒரு மீட்டரில் எத்தனை டெசிபெல் என்ற எண்ணைப் பார். அதில் மூன்று கூடுதலாக இருந்தால் பாதி வாட்ஸே போதும்.

உச்ச சத்தம் 130 என்று எழுதியிருந்தால் அது ஒரு மீட்டரில். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்க இரட்டிக்க ஆறு ஆறாகக் குறையும். 32 மீட்டரில் அது 100தான். அதுவும் நொடி நேர உச்சம்.

ஒரே மாதிரி இரண்டு சப்பை ஒட்டி ஒட்டி வைத்தால் ஆறு டெசிபெல் கூடும். மேடைக்கு இரு பக்கமும் பிரித்து வைத்தால் நடுவில் மட்டும் அடிக்கும், கொஞ்சம் நகர்ந்தால் சில இடங்களில் காணாமல் போகும். சுவரோரம் தரையில் வைத்தால் சுவரே இன்னொரு சப் மாதிரி உதவும். அதனால் இரண்டை ஒழுங்காக வைத்தால் நாலைத் தப்பாக வைத்ததுக்குச் சமம்.

சப்புக்கும் டாப்புக்கும் இடையே 80இலிருந்து 100 ஹெர்ட்ஸில் பிரி. டாப்புக்கு அந்தச் சுமை குறைந்தால் பாட்டுக்காரன் குரல் தெளியும். சப்பின் ஃபேஸ் பட்டனை ஒருமுறை மாற்றிப் போட்டுக் கேள். எதில் அடி கூடுதலோ அதுதான் சரி.

மண்டபத்தில் கிடைக்கும் சாதாரண பிளக் 5 ஆம்பியர், 230 வோல்ட்டில் 1150 வாட்ஸ். பெரிய பிளக் 15 ஆம்பியர், 3450 வாட்ஸ். நீ கேட்கும் நாலு இரட்டை 18க்கு பழைய வகை ரேக்கை இழுக்க ஜெனரேட்டர் வேண்டும். டீசல் யார் கணக்கு?

முடிவாக: 12 அங்குல ஆக்டிவ் டாப் இரண்டு, ஒற்றை 18 அங்குல ஆக்டிவ் சப் இரண்டு. இரண்டு பையன்கள் தூக்கலாம், ஏஸில் பாதி இடம் மிஞ்சும். கொடைக்கும் ஊர்வலத்துக்கும் பெரிய பெட்டியை டவுனில் வாடகைக்கு எடு. நகையில் பாதி அக்கா கழுத்திலேயே இருக்கட்டும்.

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "எல்லாம் சரிதான் மாமா. ஆனா பாக்குறதுக்குக் கெத்தா இருக்காதே. பார்ட்டிக்காரங்க பெட்டிய எண்ணித்தான் அட்வான்ஸ் தர்றாங்க."

அதற்கு என்னிடம் கணக்கு இல்லை. அவன் சொல்வது பொய்யும் இல்லை. கிங்ஸ்டனில் எண்ணினார்கள், எங்கள் ஊரில் "எட்டுக் குழாய் கட்டின கல்யாணம்" என்று இருபது வருஷம் பேசினார்கள். சித்தப்பாவே 1979இல் கடன் வாங்கி ஆறு குழாய் கூடுதலாக வாங்கினார், அந்தக் கடன் அடைய ஏழு வருஷம் ஆனது என்று அவர் வாயாலேயே இப்போதுதான் தெரிந்தது. அடைத்து முடித்தபோது குழாயைக் கேட்பவர்கள் குறையத் தொடங்கியிருந்தார்கள். பிற்பாடு எடைக்குத்தான் போட்டார்.

இன்னொன்றையும் அவரிடம் கேட்டேன். அவருக்கு இடது காது கேட்காது. வயதாகிவிட்டது என்று நாங்கள் நினைத்திருந்தோம். "யூனிட் போச்சா இருக்கான்னு குழாய்ப் பக்கத்துல காத வச்சுத்தான பாப்போம்" என்றார். முப்பது வாட்ஸ் குழாய் ஒரு மீட்டரில் 120 டெசிபெல்லைத் தாண்டும். 85 டெசிபெல் என்றால் எட்டு மணி நேரம், மூன்று கூடக் கூட நேரம் பாதி, 100 என்றால் கால் மணி நேரம் என்பது தொழிலாளர் காதுக்கு அமெரிக்க ஆய்வு நிறுவனம் ஒன்று சொல்லும் கணக்கு. சித்தப்பா இருபத்தாறு வருஷம் அந்தத் தொழிலில் இருந்தார். மருமகனுக்கு எழுதிய தாளில் கடைசியாக ஒரு வரி சேர்த்தேன்: காதில் வைக்கும் ஃபோம் அடைப்பான், ஒரு பெட்டி, உனக்கும் இரண்டு பையன்களுக்கும்.

அந்தப் புதன்கிழமை போய், அடுத்த புதன்கிழமை நகையில் பாதிதான் பேங்குக்குப் போனது. நான் சொன்னபடி சப் இரண்டும் டாப் இரண்டும் வாங்கினான். வாங்கின வாரத்திலேயே ஒரு ஆர்டர் கைவிட்டுப் போனது. பார்ட்டிக்கு மேடையில் பெட்டிச் சுவர் வேண்டுமாம். அதை என்னிடம் சொன்னபோது அவன் குரலில் கோபம் இருந்தது. நியாயம்தான். அடுத்த வாரம் இரண்டு ஆர்டர் வந்தது என்று அக்கா சொன்னாள்.

வீட்டு முற்றத்தில் முதல் தடவை போட்டுப் பார்த்தபோது சித்தப்பாவை நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். சப்பின் மேல் கையை வைத்தபடி ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார். "நான் போட்ட பாட்டுதான். மேளம் இருந்தது இப்பத்தான் தெரியுது" என்றார்.

இதை எழுதி முடிக்கும்போது ஒரு வேண்டுகோள். 1960இலிருந்து 1990 வரை ரேடியோ செட் நடத்தியவர்களின் வாடகை நோட்டுகள் யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எந்த ஊரில், எத்தனை குழாய், என்ன வாடகை என்ற அந்த வரிகளில் இருக்கும் வரலாறு வேறு எங்கும் எழுதப்படவில்லை. சித்தப்பாவின் நோட்டு ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது, 1971இலிருந்து 1974 வரை. அதைப் பற்றி அடுத்த கட்டுரையில்.